சமையலறைக்குப் போகும் வயர்

மூன்றாவது தடவையும் அதே இரண்டு மாஸ்ஃபெட்டுகள்தான் வெந்திருந்தன.

பெரியவள் ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றி, ஜன்னலோர மேசையில் வெளிச்சம் படும்படி சாய்த்து வைத்தாள். மின்சாரத்தைத் திறந்து மூடும் அந்தச் சில்லுகளில் ஒன்றின் முதுகு வெடித்து உள்ளே குழியாகியிருந்தது. மற்றது பார்வைக்கு ஒன்றுமறியாத பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. மீட்டரின் முனைகளை வைத்ததும் 'பீ' என்று கத்தித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது. கருகிய வாசனை அறையெல்லாம் நின்றது. அந்த வாசனைக்கு அவள் பழகியவள்தான். லிஃப்டுகளின் கண்ட்ரோல் போர்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. ஆனால் அங்கே ஒரு போர்டு மூன்று முறை திரும்பி வந்தால் மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இங்கே திரும்பி வருவது அப்பாவின் குரல்.

அப்பாவை மொத்தக் காய்கறிச் சந்தையில் 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏலம் கூவுகிறவர். மைக் இல்லாமல், ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று அவர் விலை சொன்னால், சந்தையின் அந்தக் கோடியில் மூட்டை இறக்குகிறவன் தலையைத் திருப்புவான். வியாபாரிகளைக் கிண்டல் செய்துகொண்டே விலையை ஏற்றுவார். கிண்டலுக்கு ஆளானவனும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் குரல்வளையில் பாதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் கதிர்வீச்சுச் சிகிச்சை. எல்லாம் முடிந்து வீடு வந்தபோது அவர் உடம்பு பாதியாகியிருந்தது. நடக்கக் கால் ஒத்துழைக்கவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தால் அந்தக் காற்றில் வார்த்தைகள் இருப்பது தெரியும்.

பல மாதங்கள் அவர் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். எழுதுவதில் அவருக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. பாதி எழுதிவிட்டுச் சிலேட்டைத் தூக்கிப் போடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பெரியவள் ஆம்ப்ளிஃபையர் செய்ய உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்திருந்தாள். விடுமுறை நாட்களில் ஆம்ப்ளிஃபையர் போர்டுகளைத் தானே வடிவமைத்துச் செய்து பார்ப்பது அவளுடைய பைத்தியம். அதிலும் கிளாஸ் டி வகை என்றால் சோறு தண்ணி வேண்டாம். மற்ற ஆம்ப்ளிஃபையர்கள் அடுப்பு மாதிரி சூடேறும். இது சூடேறாது. உள்ளே வரும் குரலை ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கான துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மின்சாரத்தை முழுசாகத் திறக்கும் அல்லது முழுசாக மூடும். அரைகுறையே கிடையாது. கடைசியில் ஒரு கம்பிச் சுருளும் ஒரு கபாசிட்டரும் சேர்ந்து அந்தத் துண்டுகளை ஒட்டி மறுபடியும் குரலாக்கிவிடும். ஒரு சிப், கையகலப் போர்டு, இரண்டு பேட்டரி போதும். மார்பில் தொங்கவிடலாம்.

முதலில் செய்தது அப்படி ஒரு பெட்டிதான். காதில் மாட்டி உதட்டோரம் வளைந்து வரும் மைக், கழுத்தில் பட்டை, மார்பில் ஸ்பீக்கர். கிசுகிசுப்பைப் பெரிதாக்குவது லேசான வேலையில்லை. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லாததால் சத்தத்தைக் கூட்டியதும் பெட்டி ஊளையிட்டது. பேட்டரி மின்சாரத்தை உயர்த்தும் பகுதியிலிருந்து கொசு ரீங்காரம் போல் ஒரு சத்தம் கலந்தது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அடக்கினாள். காற்றின் இரைச்சலை வடிகட்டி வார்த்தைகளின் விளிம்புகளை மட்டும் தூக்கிக் கொடுத்தாள். அப்பா அதைப் போட்டுக்கொண்டு முதலில் சொன்னது "அட" என்ற ஒரே வார்த்தை. அந்த 'ட' சுத்தமாக விழுந்தது. பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி சின்னவன் கைதட்டினான். அம்மா, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாள்.

"என் பொண்ணு என் வாயைத் திருப்பிக் குடுத்துட்டா" என்று அப்பா பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு ஒருநாள் கேட்டார்:

"படுத்த இடத்துல இருந்து கூப்பிட்டா உங்கம்மாவுக்குக் கேக்க மாட்டேங்குது. சமையல்கட்டுல நின்னா உலகமே தெரியாது அவளுக்கு. அங்க ஒரு ஸ்பீக்கர் வெச்சுக் குடேன்."

நியாயமாகத்தான் பட்டது. எழுந்து நடக்க முடியாத மனிதர். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டாமா? நீளமான வயர் போகவேண்டும், அதனால் கட்டிலோரம் வைக்கிற மாதிரி சக்தியுள்ள ஆம்ப் ஒன்றைத் தனித்தனி மாஸ்ஃபெட்டுகளை வைத்துப் புதிதாகச் செய்தாள். சுவரோரமாக வயரை இழுத்து, சமையலறை அலமாரிக்கு மேலே ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தினாள். வயரை ஆணியடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்:

"இந்தக் கறுப்பும் சிவப்பும் ஒண்ணோட ஒண்ணு படாம பாத்துக்கம்மா. அவர் பேசறப்ப பட்டுச்சுன்னா ஆம்ப் அவ்ளோதான், புகைஞ்சிடும்."

"சரி" என்றாள் அம்மா.

அந்த ஆம்ப்தான் இப்போது மூன்றாவது முறையாகப் புகைந்து மேசைக்கு வந்திருந்தது.

முதல் முறை புகைந்தபோது பெரியவள் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். கிளாஸ் டி ஆம்பில் மேலே ஒரு மாஸ்ஃபெட், கீழே ஒரு மாஸ்ஃபெட். ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் மின்சாரம் நேராகப் பாய்ந்து இரண்டையும் தின்றுவிடும். அதனால் ஒன்று மூடிய பிறகு மற்றது திறப்பதற்கு முன் ஒரு துளி இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளி போதவில்லை என்று நினைத்து அதைக் கூட்டினாள். ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தபோது அலைகள் வெட்டிவைத்தாற்போல் நின்றன. இரண்டாவது முறை புகைந்ததும் மாஸ்ஃபெட்டுகள் போலி என்று முடிவு செய்து, வேறு கடையில் வாங்கிப் போட்டாள். சுருளைத் தடித்த கம்பியில் புதிதாகச் சுற்றினாள். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு பெரிய ரெசிஸ்டரைத் தண்ணீர் வாளியில் மூழ்கவைத்து, நாள் முழுக்க ஆம்பை ஓட்டினாள். வாளித் தண்ணீர் வெதுவெதுப்பானது. ஆம்ப் அசையவில்லை. மேசையில் யானை மாதிரி நிற்கிற ஆம்ப், அப்பா வீட்டுக்குப் போனால் மட்டும் செத்துப்போனது.

இரண்டாவது முறை பழுது சரிசெய்து கொண்டுபோனபோது பக்கத்து வீட்டம்மா வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாவோட மிஷின் ஓடினா என் ரேடியோ சீறுதும்மா. ஒரு செய்தி கேக்க முடியல."

"வயர்லேர்ந்து வர்ற இரைச்சல்தாங்க அது. ஒரு சின்ன வளையம் போட்டா நின்னுடும். இன்னைக்கே போட்டுடறேன்."

"அதைப் போடுவ சரி." பக்கத்து வீட்டம்மா குரலைத் தாழ்த்தினாள். "பேசறதும் சுவர் வழியா கேக்குதே. அதுக்கு என்ன போடப் போற?"

அப்பா கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று மட்டும்தான் பெரியவள் அதை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் அவரிடம் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னாள். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மூன்றாவது முறை அவள் போர்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். முதலிலேயே சேர்த்திருக்க வேண்டியது. வீட்டு உபயோகம்தானே என்று விட்டிருந்தாள். ஸ்பீக்கர் பக்கம் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால், மாஸ்ஃபெட் வேகும் முன் ஆம்ப் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நிறுத்தியதும் உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரியும். மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தும்வரை அணையாது. போர்டுக்குள் பழுதென்றால் விளக்கு எரியாது, மாஸ்ஃபெட் வேகும். வெளியே வயரில் பழுதென்றால் விளக்கு எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

அந்த வாரமே, அப்பாவைப் பார்க்கப் போயிருந்த சின்னவன் போன் செய்தான். "அக்கா, மறுபடி ஊமையாயிடுச்சு. ஆனா இந்தத் தடவை புகை வரல."

பட்டறையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மத்தியானம் கிளம்பினாள். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் மூடியைத் திறந்தாள். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பழுது தன் போர்டில் இல்லை. பொத்தானை அழுத்தி ஆம்பை உயிர்ப்பித்துவிட்டு, வயரைத் தடவிக்கொண்டே சுவரோரமாக நடந்தாள். ஆணி எங்காவது வயரைக் கடித்திருக்கும், எலி கடித்திருக்கும் என்று ஒவ்வோர் அடியாகப் பார்த்தாள். கூடத்தைத் தாண்டும்வரை வயரில் ஒரு கீறல் இல்லை.

சமையலறையில் அம்மா இல்லை. பின்கட்டில் துணி பிழியும் சத்தம் கேட்டது. அலமாரிக்குப் பின்னால், கை மட்டும் நுழையக்கூடிய சந்தில், வயரின் மேல் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. பெரியவள் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். ஊசி ஓட்டைகள். கறுப்பில் நுழைந்து சிவப்பில் வெளியேறியவை. ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் பிளாஸ்டிக் உருகி விளிம்பு கட்டியிருந்தது. எலிக்கு ஊசி பிடிக்கத் தெரியாது.

அவள் அங்கேயே குனிந்த நிலையில் இருந்தபோது தலைக்கு மேலே ஸ்பீக்கர் உயிர்பெற்றது. அப்பா விழித்துவிட்டார்.

"ஏய். எங்க போய்த் தொலைஞ்ச?"

பின்கட்டில் துணி பிழியும் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு உள்ளே வந்தாள். மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பெரியவள் விரலை உதட்டில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஸ்பீக்கர் பேசியது. கரகரப்பில்லாமல், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, அவள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய தெளிவோடு பேசியது.

"மிஷின் வேலை செய்யுது போலிருக்கே. நல்லது. கேளுங்கய்யா கேளுங்க! பழைய சரக்கு ஒண்ணு ஏலத்துக்கு வந்திருக்கு. மேல சுருக்கம், அடியில அழுகல். நூறு? நூறுக்கு ஆளில்ல. அம்பது? அம்பதுக்கும் இல்ல. பத்து? சும்மா குடுத்தா? சும்மா குடுத்தாலும் தூக்க ஆளில்லய்யா. இவளை அவங்கப்பன் எங்கிட்டத் தள்ளிவிட்டப்பவே தெரிஞ்சிருக்கணும். தராசுல ஏத்தினா தராசுக்குக் கேவலம். என்ன, கேக்குதா? கேக்கும். ஸ்பீக்கர் பக்கத்துலதானே நிக்கற. எங்க ஓடுவ?"

சிரிப்பு வந்தது. பாதிக் குரல்வளையின் சிரிப்பு. காற்று காற்றாக, பம்பு அடிப்பதுபோல். பிறகு மறுபடியும் நூறிலிருந்து ஆரம்பித்தார்.

பெரியவளுக்கு இந்த ஏலம் தெரியும். சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அப்பா அம்மாவைக் கூடத்தின் நடுவில் நிற்கவைத்து ஏலம் போடுவார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சின்னவனும் அவளும் 'ஒரு மிட்டாய்! ரெண்டு மிட்டாய்!' என்று விலை கேட்பார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டு நின்றதாகத்தான் அவளுக்கு ஞாபகம். அது விருந்தாளிகள் இல்லாத நாட்களிலும் நடக்கிற ஏலம் என்று அவளுக்குத் தெரியாது.

அம்மாவின் வலது கை முந்தானையைத் துழாவி, அங்கே குத்தியிருந்த ஊசியைத் தொட்டு, பழக்கத்தில் அலமாரிச் சந்துப் பக்கம் போனது. மகள் பார்க்கிறாள் என்று நினைவு வந்ததும் கீழே இறங்கிவிட்டது. பெரியவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம் காய்ந்த தழும்புகள். போன மாதம் கேட்டதற்கு அடுப்பில் பட்டுவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

"கழட்டிப் போட்டிருக்கலாமேம்மா."

"கழட்டினேன். சின்னவனைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லிட்டார்." அம்மா காற்றைவிட மெல்லிய குரலில் பேசினாள். "நீதானே சொன்ன, ரெண்டும் ஒட்டினா போயிடும்னு. சும்மா இருக்கறப்ப குத்தினா ஒண்ணும் ஆகல. அவர் பேசறப்ப குத்தினாத்தான் ஆகுது. சுட்டுது. பரவால்லன்னு பிடிச்சுக்கிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"ரிப்பேர் ரிப்பேர்னு நீ அலையறதைப் பார்த்துப் பாவமாத்தான் இருந்துச்சு. வாய் வரைக்கும் வரும். என்னன்னு சொல்றது? அடிச்சாரா? இல்ல. குடிச்சாரா? அதுவும் இல்ல. சம்பாதிச்சுப் போடலயா? போட்டார். பேசறார், அவ்வளவுதானே? பேசறதைப் போய்க் குத்தம்னு யார்கிட்டச் சொல்ல?"

ஸ்பீக்கரில் ஐம்பதுக்கு ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அம்மா அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சு கூட்டிட்டு வந்தோமே, அப்புறம் கொஞ்ச நாள் வீடு எப்படி இருந்துச்சு தெரியுமா? கை தவறி ஒரு தட்டு விழுந்தா தட்டு விழுந்த சத்தம் மட்டும்தான் கேக்கும். அதுக்குப் பின்னாடி ஒண்ணும் வராது. நான் முதல்ல பயந்து பயந்து நிப்பேன். அப்புறம் பயம் போயிடுச்சு. பாவம்தான், எனக்குத் தெரியும். ஒரு மனுஷனோட தொண்டையை அறுத்துப் போட்டிருக்காங்க, நான் நல்லாத் தூங்கினேன்."

"நான்தான் அதைத் திரும்பக் கொண்டாந்து..."

"நீ பெத்தவருக்குச் செஞ்ச. அதை யாரு தப்புன்னா?"

பெரியவள் பையிலிருந்து வயர் வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் தலையணையில் சாய்ந்து, மைக் உதட்டோரம் வளைந்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு கூவிக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய சந்தைக் களை இருந்தது. காலடிச் சத்தத்தில் கண்ணைத் திறந்தார்.

"அட, என் என்ஜினியரு! எப்பம்மா வந்த?"

"கொஞ்ச நேரமாச்சுப்பா. சமையல்கட்டுல நின்னு கேட்டுட்டு இருந்தேன்."

அவர் முகம் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு சிரித்தார். "சும்மா விளையாட்டுக்குடி. பொழுது போகணுமே. உங்கம்மாவுக்கே தெரியும். அவளும் சிரிப்பா."

"அவ சிரிக்கலப்பா."

ஆம்பின் பின்பக்கம் சமையலறைக்குப் போகும் வயரை அவள் வெட்டினாள். டக்கென்று சின்னச் சத்தம்தான் வந்தது. அப்பா உடம்பைத் தூக்க முயன்றார், முடியவில்லை. மார்புப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"டாக்டர் பாதி அறுத்தான். மீதியை அறுக்க நீ வந்தியா?"

"உங்க பெட்டியை எடுக்கலப்பா. பேசுங்க. சமையல்கட்டுக்கு மட்டும் இனிமே போகாது."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பழுதான பகுதியைத் துண்டித்துவிட்டால் மீதி ஓடும். லிஃப்ட் போர்டில் அப்படித்தான். பெரியவள் அந்த நம்பிக்கையில் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் அதை நம்பிக்கொண்டும் இருந்தாள்.

ஒருநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அம்மா ஒரு துணிப்பையோடு நின்றாள். எங்கோ போகிற வழியில் எட்டிப்பார்த்ததுபோல், உள்ளே வராமல் நின்றாள்.

"இப்ப கட்டில் பக்கத்துலயே உக்காரச் சொல்றார். எந்திரிச்சா பெட்டியைத் தட்டறார். அதுல குத்தறதுக்கு வயர் கிடையாது." ஒரு பழுதை விவரிக்கிற மாதிரி சொன்னாள். "சின்னவனுக்குப் போன் பண்ணிட்டேன். அவன் வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டம்மா இருக்காங்க. சாப்பாட்டை அரைச்சு மூடி வெச்சிருக்கேன். பெட்டிக்கு சார்ஜ் போட்டுட்டுத்தான் வந்தேன்."

"சார்ஜா?"

"ஆமா. பேசட்டும். நான் இல்லாத வீட்டுல எவ்வளவு வேணா பேசட்டும்."

பெரியவள் பையை வாங்கிக்கொண்டாள். அது காற்று மாதிரி கனமில்லாமல் இருந்தது. இரண்டு சேலை, ஒரு சீப்பு, மருந்துச் சீட்டு. அத்தனை வருஷத்துக்கு அவ்வளவுதான் எடுத்து வந்திருந்தாள்.

சின்னவன் மாலையே வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நோயாளியை விட்டுட்டு வர்றதா? ஊர் உலகம் காறித் துப்பாது? அக்கா, நீதான் ஏத்தி விட்டிருக்க. அவர் அப்படித்தான், ஆயுசு முழுக்க அப்படித்தான். இப்ப மட்டும் என்ன புதுசா வலிக்குது?"

"இப்பதான் வலிக்குதுன்னு உனக்கு யார் சொன்னாங்க?" என்றாள் பெரியவள்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. சின்னவன் கத்தியபோதெல்லாம் உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்று நின்று கேட்டது. அதைக் கவனித்தவன் கடைசியில் குரலைத் தணித்தான். அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி செய்தான். கட்டிலையும் தூக்கிப்போனான். மனைவியும் அவனும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சில வாரங்கள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடமிருந்து போன் வந்தது. முதலில் வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகு,

"அக்கா, அந்தப் பெட்டியில சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வழியிருக்கா? அவருக்குத் தெரியாம?"

"உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"அவ அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

அவன் அன்று சொன்னதையே திருப்பிச் சொல்லப் பெரியவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"நேரா அவர்கிட்டச் சொல்லுடா."

"எப்படிக்கா சொல்றது?"

"எனக்கும் தெரியலடா" என்றாள். அது உண்மைதான்.

அவன் சொன்னானோ இல்லையோ, அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது. அப்பாவுக்கு விழுங்க முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விட்டு வைத்திருந்த பாதியிலும் கட்டி வந்திருந்தது. இந்த முறை குரல்வளையை முழுவதுமாக எடுத்தார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டு, மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. வாய்க்கும் நுரையீரலுக்கும் இனி சம்பந்தமில்லை. பெரிதாக்குவதற்குக் கிசுகிசுப்புகூட மிச்சமில்லை. சின்னவன் பழக்கத்தில் மார்புப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தான். அப்பா மைக்கை மாட்டிக்கொண்டு வாயசைத்தார். பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. தட்டிப் பார்த்தார். பெரியவளைப் பார்த்தார், சரிசெய் என்பதுபோல். பெரியவள் பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அதையே இரண்டு முறை செய்தாள்.

"பெட்டியில ஒண்ணும் இல்லப்பா" என்றாள். "பெட்டி நல்லாத்தான் இருக்கு."

அவருக்குப் புரிந்தது. அவளே மைக்கைக் காதிலிருந்து எடுத்தாள். அவர் எடுக்க விட்டார்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி தாடைக்கு அடியில் வைத்து அழுத்துகிற கருவியைக் கொண்டுவந்து பழக்கினாள். வாயசைத்தால் அது ரீங்காரத்தோடு வார்த்தையாக்கும். ஏற்ற இறக்கம் இல்லாத தகரக் குரல். அப்பா அதில் தன் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கேட்டார். கருவியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டார். அப்புறம் அதைத் தொடவேயில்லை. சந்தைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். படுக்கையைச் சுற்றி நின்று அவர்களே பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள்.

அம்மா வருவதாகச் சொன்னபோது பெரியவள் வற்புறுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இருவரும் சாயங்காலம் போனார்கள். அம்மா வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே போய், நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாகப் போடாமல், ஒரு ஆள் புகுந்து போகும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். அப்பா அவளையே பார்த்தார். கன்னத்து எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. கழுத்துத் துளையில் சளி கொரகொரத்தது. நர்ஸ் வந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தபோது அவர் கண்களில் தண்ணீர் கொட்டியது. அம்மா எழுந்து ஒரு துணியால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அப்பா வாயசைக்க ஆரம்பித்தார். நிதானமாக, திரும்பத் திரும்ப, ஒரே விஷயத்தை. பெரியவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியலயே. அம்மா, உங்களுக்குப் புரியுதா? என்ன வேணும்னு கேக்கறார்?"

அம்மா அவர் உதடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புரியலம்மா" என்றாள்.

அவர் இன்னும் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் பெரியவள் கேட்டாள்.

"உனக்கு நிஜமாவே புரியலயாம்மா?"

"வீட்டுக்குப் போலாம்னார்."

"நர்ஸ்கிட்டப் புரியலன்னியே?"

"புரிஞ்சா பதில் சொல்லணுமே" என்றாள் அம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பெரியவள் பார்த்தாள். பஸ் ஒரு வளைவில் திரும்பி, முகத்தில் கடைசி வெயில் விழுந்து, ஒன்றும் தெரியவில்லை.

அதன்பின் அம்மா இன்னும் சில தடவை போனாள். அதே தூரத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அப்பா வாயசைப்பதை நிறுத்திவிட்டார். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, தூக்கத்திலேயே போய்விட்டார். சின்னவன்தான் எல்லாம் செய்தான். அவன் மனைவி திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

அம்மா பெரியவளின் வீட்டில்தான் இருக்கிறாள். பட்டறையிலிருந்து வந்து பெரியவள் மேசையில் உட்கார்ந்து ஏதாவது ஒரு போர்டுக்குச் சோல்டர் வைத்துக்கொண்டிருப்பாள். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை பார்ப்பாள். காற்று வரட்டுமே என்று பெரியவள் எழுந்து போய்த் திறந்து வைப்பாள். கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடியும் சாத்தியிருக்கும்.